'மென் இன் பிளாக்' இரண்டாம் பாகம் ஏன் சப்பென்று போனது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: விடுமுறையில் பத்து வயது மகனோடு உட்கார்ந்து 'மென் இன் பிளாக்' முதல் படத்தைப் பார்த்தீர்கள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். மறுநாள் ஆசையாக இரண்டாம் பாகத்தைப் போட்டால், அரை மணி நேரத்தில் பையன் எழுந்து போய்விட்டான். அதே வில் ஸ்மித், அதே டாமி லீ ஜோன்ஸ், அதே இயக்குநர் பாரி சோனன்ஃபெல்ட், அதே கறுப்புக் கோட்டு, கறுப்புக் கண்ணாடி. கோளாறு எங்கே? மூன்றாவதையும் நான்காவதையும் பார்க்கலாமா, அப்படியே விட்டுவிடலாமா?

உங்கள் பையன் சரியான இடத்தில்தான் எழுந்திருக்கிறான். அந்த அரை மணி நேரத்தில் படம் முன்னே போகவே இல்லை. முதல் படம் முடித்து வைத்ததை ஒவ்வொன்றாக அவிழ்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் இதைச் சொல்வதற்கு முன்னால் முதல் படம் ஏன் அவ்வளவு நன்றாக ஓடியது என்று பார்த்துவிட வேண்டும். அது புரியாமல் இரண்டாவதைத் திட்டுவதில் பயனில்லை.

1997 ஜூலையில் வந்த படம் அது. லோயல் கன்னிங்ஹாம் 1990இல் எழுதிய சிறிய காமிக்ஸ் தொடர்தான் மூலம். அது நகைச்சுவை இல்லை, இருண்ட கதை. அதற்கும் மூலம் அமெரிக்காவின் பறக்கும் தட்டு வதந்திகள். 1953வாக்கில் கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில் ஆல்பர்ட் பெண்டர் என்பவர் பறக்கும் தட்டு ஆர்வலர்களுக்காக ஒரு சங்கம் நடத்திக்கொண்டிருந்தார். திடீரென்று அதை இழுத்து மூடினார். கறுப்பு உடை அணிந்த மூன்று பேர் வந்து வாயை மூடச் சொன்னதாகச் செய்தி பரவியது. அதிலிருந்து, 'தட்டைப் பார்த்தேன்' என்று யார் சொன்னாலும், அவர் வீட்டுக்குக் கறுப்புக் காரில் ஆள் வருவதாகக் கதை கட்டுவது அங்கே வழக்கமாகிவிட்டது. அந்தக் கதைகளில் இவர்கள் பயமுறுத்துகிறவர்கள். நம் ஊரில் நள்ளிரவில் கதவைத் தட்டும் மஃப்டி போலீஸ் மாதிரி.

திரைக்கதை எழுதிய எட் சாலமனும் சோனன்ஃபெல்டும் அந்தப் பயத்தை எடுத்துவிட்டு அங்கே ஓர் அலுவலகத்தை வைத்தார்கள். படத்தின் முழு நகைச்சுவையும் இதில்தான் உட்கார்ந்திருக்கிறது. வேற்றுக்கிரகவாசிகள் பூமியில் மனிதர்களோடு கலந்து வாழ்கிறார்கள் என்ற, பிரபஞ்சத்தின் மிகப் பெரிய ரகசியத்தைக் காப்பவர்கள், தாலுகா ஆபீஸ் தலைமை எழுத்தர் போல அலுப்போடு வேலை பார்க்கிறார்கள். டாமி லீ ஜோன்ஸ் நடித்த ஏஜென்ட் கேக்கு ஆச்சரியம் என்பதே கிடையாது. வேற்றுக்கிரகத்திலிருந்து வந்த கட்டைவிரல் அளவு இசைத்தட்டைப் புதிதாகச் சேர்ந்த ஜேயிடம் (வில் ஸ்மித்) காட்டும்போது அவர் கவலையெல்லாம், பீட்டில்ஸின் 'வொயிட் ஆல்பத்தை' மறுபடியும் காசு கொடுத்து வாங்க வேண்டுமே என்பதுதான். இந்த அமைப்புக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? வெல்க்ரோ, மைக்ரோவேவ் அடுப்பு, கொழுப்பு உறிஞ்சும் அறுவை சிகிச்சை, இவற்றின் காப்புரிமையிலிருந்து. புலனாய்வுக்கு எதைப் படிக்கிறார்கள்? பெட்டிக்கடையில் தொங்கும் மஞ்சள் பத்திரிகைகளை. தலைமையகம்? மன்ஹாட்டனின் தெற்கு முனையில் சுரங்கச் சாலைக்குக் காற்று விடும் ஒரு சதுரக் கட்டடம். அது இப்போதும் இருக்கிறது. தினம் ஆயிரக்கணக்கான பேர் தலை நிமிர்த்திப் பார்க்காமல் கடந்து போகிறார்கள். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் 1964 உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய கோபுரங்கள் துருப்பிடித்து நின்றுகொண்டிருந்தன. அவற்றின் உச்சியில் இருப்பது நிஜமான பறக்கும் தட்டுகள் என்று சொல்லிவிட்டார்கள். எதையும் புதிதாகக் கட்டவில்லை பாருங்கள். கண்ணெதிரே இருக்கும் அசிங்கத்துக்கு ஒரு ரகசியம் கொடுத்தார்கள்.

சோனன்ஃபெல்ட் முதலில் ஒளிப்பதிவாளர். கோயன் சகோதரர்களின் முதல் மூன்று படங்களுக்கு அவர்தான் கேமரா. அகலக் கோண லென்ஸை நடிகர்களின் முகத்தருகே கொண்டுபோய் வைத்துவிட்டு, இரண்டு பேரையும் ஒரே சட்டகத்தில் நிறுத்திப் பேச வைப்பது அவருக்குப் பிடித்த வேலை. நடிகர்களிடம் அவர் கேட்பதும் எப்போதும் ஒன்றுதான்: ஏற்ற இறக்கம் இல்லாமல், வேகமாகச் சொல்லுங்கள். சிரிப்புப் படத்தில் நடிக்கிறோம் என்பதே அந்தப் பாத்திரங்களுக்குத் தெரியக் கூடாது. நாகேஷ் நகைச்சுவையில் முகம் முழுக்க வேலை செய்யும். இங்கே டாமி லீ ஜோன்ஸ் முகத்தில் ஒரு நரம்புகூட அசையாது, அதுவே சிரிப்பு. பக்கத்தில் நிற்கும் வில் ஸ்மித்தின் முகம் நமக்குப் பதிலாக எல்லா வேலையையும் பார்த்துக்கொள்கிறது.

இப்போது ஒரு காட்சி. ஜேயைத் தேர்வுக்கு அழைத்து வருகிறார்கள். மற்றவர்கள் எல்லாரும் ராணுவத்தின் பொறுக்கியெடுத்த வீரர்கள், விறைப்பாக இருக்கிறார்கள். உட்கார முட்டை வடிவ நாற்காலி. கையில் மெல்லிய வினாத்தாள், ஒரு பென்சில். வைத்து எழுத எதுவும் இல்லை. வீரர்கள் தொடையில் வைத்து, மடியில் வைத்து, தாளைக் கிழித்துக்கொண்டு தவிக்கிறார்கள். அறையின் நடுவே ஒரு மேசை சும்மா கிடக்கிறது. ஜே எழுந்து போய் அதைத் தன் பக்கம் இழுக்கிறான். தரையில் உராய்ந்து காது கூசும் அந்தச் சத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது. எல்லாரும் அவனையே பார்க்கிறார்கள். அடுத்து துப்பாக்கிப் பயிற்சி. வீரர்கள் கோரமான உருவங்களையெல்லாம் சுட்டுத் தள்ளுகிறார்கள். ஜே ஒரே குண்டு, அதுவும் ஒரு சின்னப் பெண்ணின் அட்டைப் படத்தின் மேல். ஏன் என்று கேட்டால் விளக்கம் சொல்கிறான்: விளக்குக் கம்பத்தில் தொங்கும் அந்த ஜந்து உடற்பயிற்சி செய்துகொண்டிருக்கிறது, இன்னொன்றின் கையில் இருப்பது கைக்குட்டை, அதற்குத் தும்மல். நடு ராத்திரியில் இப்படிப்பட்ட பேட்டையில், குவாண்டம் இயற்பியல் புத்தகத்தோடு தனியாக நடக்கும் எட்டு வயதுப் பெண்மேல்தானே சந்தேகம் வரவேண்டும்?

நியூயார்க் தெருவில் வளர்ந்த ஒரு போலீஸ்காரனின் கண் அது. யாரையும் தோற்றத்தை வைத்து முடிவு செய்யாத கண். இந்தக் காட்சியில் சிரிப்பும் ஆளின் குணமும் கதையின் கருவும் ஒரே கயிற்றில் முறுக்கியிருக்கின்றன. தொடர்ச்சிப் படங்கள் தொலைத்தது இந்த முறுக்கைத்தான்.

இன்னொன்றும் உண்டு, இது தமிழில் நழுவிப் போகிற விஷயம். 'ஏலியன்' என்பதை நாம் வேற்றுக்கிரகவாசி என்றுதான் புரிந்துகொள்கிறோம். அமெரிக்கச் சட்டத்தில் அந்தச் சொல்லுக்கு அந்நிய நாட்டுக்காரர் என்று பொருள். அங்கே வேலைக்குப் போன நம் பிள்ளைகள் வரிப் படிவத்தில் 'ரெசிடென்ட் ஏலியன்', 'நான் ரெசிடென்ட் ஏலியன்' என்று தங்களைக் குறித்துக்கொண்டவர்கள்தான். கிரீன் கார்டில் ஏலியன் எண் என்றே ஒன்று இருக்கும். முதல் படத்தின் தொடக்கம் நினைவிருக்கிறதா? இரவு நேரம், மெக்சிகோ எல்லை. லாரியில் ஆட்கள் திருட்டுத்தனமாக வருகிறார்கள். எல்லைக் காவலர்கள் மடக்குகிறார்கள். கே வந்து ஒவ்வொருவரிடமும் ஸ்பானிஷ் மொழியில் ஏதோ கேட்கிறார். கேட்டது புரியாமல் சிரித்து மழுப்பும் ஒருவனை மட்டும் நிறுத்திக்கொண்டு, மற்றவர்களை அமெரிக்காவுக்கு வரவேற்று அனுப்பிவிடுகிறார். நிறுத்தப்பட்டவன்தான் நிஜமான ஏலியன். மற்றவர்கள் பிழைக்க வந்த மனிதர்கள். படம் முழுவதையும் அந்த மூன்று நிமிடத்தில் சொல்லிவிட்டார்கள். இந்த அமைப்பு செய்வது போர் கிடையாது, குடியேற்றத் துறை வேலை. முத்திரை குத்துவது, விலாசம் பதிவது, அனுமதியில்லாமல் ஊரைத் தாண்டுகிறவரைப் பிடிப்பது.

சரி, அந்தப் படம் எப்படி முடிந்தது? கே களைத்துப் போயிருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலான வேலை. தான் விட்டுவந்த பெண்ணைச் செயற்கைக்கோள் வழியே யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டிருப்பவர். கடைசியில் நினைவழிக்கும் கருவியை ஜேயின் கையில் கொடுத்து, நான் ஒரு கூட்டாளியைப் பழக்கவில்லை, எனக்குப் பதில் ஆள் பழக்கினேன் என்கிறார். ஜே பொத்தானை அழுத்துகிறான். கே எல்லாவற்றையும் மறந்து வீட்டுக்குப் போகிறார். பிணவறை மருத்துவர் லாரல், ஏஜென்ட் எல் ஆகிறாள். அமெரிக்க வணிகப் படத்தில் இவ்வளவு கச்சிதமான முடிவைப் பார்ப்பது அரிது. கதவைச் சாத்தி, பூட்டி, சாவியையும் விழுங்கியாயிற்று.

ஆனால் 9 கோடி டாலர் செலவில் எடுத்த படம் உலகம் முழுக்க 59 கோடி டாலர் அளவுக்கு வசூலித்துவிட்டது. யார் சும்மா இருப்பார்கள்? (இவ்வளவு வசூலித்த பிறகும், ஸ்டூடியோ அனுப்பும் கணக்கில் படம் இன்னும் நஷ்டத்தில்தான் இருப்பதாக எட் சாலமன் பல முறை பொதுவெளியில் எழுதியிருக்கிறார். ஹாலிவுட் கணக்குப்பிள்ளைகளிடமும் ஒரு நினைவழிக்கும் கருவி இருக்கிறது போல.) ஐந்து வருடம் கழித்து, 2002 ஜூலையில், 14 கோடி டாலர் செலவில் இரண்டாம் பாகம் வந்தது. எழுதியவர்கள் ராபர்ட் கார்டனும் பாரி ஃபனாரோவும்.

அவர்களுக்குக் கிடைத்த வேலையை யோசித்துப் பாருங்கள். டாமி லீ ஜோன்ஸ் இல்லாமல் படம் இல்லை. அவருடைய பாத்திரத்துக்கோ எதுவும் நினைவில்லை. மாசசூசெட்ஸ் கடற்கரையோரம் ட்ரூரோ என்ற சிற்றூரில் தபால் அதிகாரியாக இருக்கிறார். எல் எங்கே? பிணவறை வேலையே பிடித்திருந்தது, போய்விட்டாள் என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். கே எந்த மனைவிக்காக எல்லாவற்றையும் விட்டாரோ, அவளும் இப்போது இல்லை. நட்சத்திரங்களையே வெறித்துக்கொண்டிருக்கும் மனிதரோடு எத்தனை நாள் குடும்பம் நடத்துவது? முதல் படத்தில் நம்மை நெகிழ வைத்த மூன்று விஷயங்களும் இரண்டு மூன்று வசனத்தில் காலி. மொத்தப் படமே 88 நிமிடம். அதில் கிட்டத்தட்ட பாதி, கேயை முதல் படத்தில் அவர் நின்ற இடத்துக்கே திரும்பக் கொண்டுவருவதற்குப் போகிறது. உங்கள் பையனுக்கு இதெல்லாம் யாரும் விளக்க வேண்டியதில்லை. கதை பின்னோக்கி நடப்பது பிள்ளைகளுக்கு உடனே உறைத்துவிடும்.

இதில் ஒரு நல்ல கதை ஒளிந்திருந்தது என்பதுதான் எனக்கு ஆற்றாமை. ஜே இப்போது மூத்தவன். அவன் கூட வேலை செய்ய வரும் ஒவ்வொருவரையும் பொறுக்க மாட்டாமல் நினைவழித்து வீட்டுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறான். தொடக்கத்திலேயே ஏஜென்ட் டீயை ஓர் உணவகத்துக்கு அழைத்துப் போய் அப்படி அனுப்பிவைக்கிறான். எல்லாருடைய நினைவையும் அழிக்கிறவனுக்குத் தன்னை நினைவு வைத்துக்கொள்ள ஓர் ஆள் இல்லை. ரொசாரியோ டாசன் நடித்த லாரா என்ற பெண் ஒரு கொலையைப் பார்த்துவிடுகிறாள். விதிப்படி அவளுடைய நினைவை அழிக்க வேண்டும். ஜே அழிக்கவில்லை. இந்தத் தனிமையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் படம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். ஆனால் ஒவ்வொரு முறை அது தலைதூக்கும்போதும் நாய் வந்து பாடத் தொடங்கிவிடுகிறது.

நாய் என்றேனே, ஃபிராங்க். முதல் படத்தில் தெருவோரக் கடையில் அந்தப் பக் நாயை கே பிடித்து உலுக்கும் காட்சி உங்களுக்கு நிச்சயம் நினைவிருக்கும். சில நிமிடம்தான் வரும், அதனால்தான் சிரிப்பு. இரண்டாவதில் கோட்டு மாட்டி ஏஜென்ட் எஃப் ஆக்கி, காரில் உட்கார வைத்து, 'ஐ வில் சர்வைவ்' பாட வைத்துவிட்டார்கள். காப்பி குடிக்கும் புழுக்களுக்கும் இதே கதி. ஊறுகாயைத் தொட்டுக்கொண்டால் ருசி. தட்டு நிறைய வைத்தால் யார் சாப்பிடுவது? மைக்கேல் ஜாக்சன் திரையில் வந்து ஏஜென்ட் எம் வேலை கேட்டுக் கெஞ்சும் இடம் மட்டும் அளவோடு இருக்கிறது. முதல் படத்தில் பிரபலங்கள் வேற்றுக்கிரகவாசிகளைக் கண்காணிக்கும் திரையில் சும்மா நின்று மறைந்தார்கள். சில்வஸ்டர் ஸ்டாலோன், ஜார்ஜ் லூகாஸ் எல்லாரும் உண்டு. கண்டுபிடித்தவர்கள் சிரித்தார்கள். இங்கே நம் முகத்தைப் பிடித்துத் திருப்பிக் காட்டுகிறார்கள்.

வில்லன் பக்கம் இன்னும் மோசம். முதல் படத்தில் வின்சென்ட் டி'ஒனோஃப்ரியோ செய்ததை மறுபடி ஒரு முறை நடையை மட்டும் கவனித்துப் பாருங்கள். பெரிய பூச்சியொன்று ஒரு விவசாயியின் தோலை உரித்து, தைக்கத் தெரியாமல் மாட்டிக்கொண்டு திரிகிறது. முட்டி மடங்காதபடி கூடைப்பந்து வீரர்கள் போடும் பட்டைகளால் காலை இறுக்கிக் கட்டிக்கொண்டு அவர் நடந்தார். தண்ணீரில் சர்க்கரை கேட்கும் அந்தக் குரல், இழுத்துவிட்டுக்கொள்ளும் தாடை, அருவருப்பும் சிரிப்பும் ஒன்றாக வருகிறது. ரிக் பேக்கர் குழுவின் ஒப்பனைக்கு ஆஸ்கார் கிடைத்தது சும்மா இல்லை. இரண்டாவதில் செர்லீனா, மரவட்டையும் வேரும் கலந்த மாதிரி ஒரு ஜந்து, சென்ட்ரல் பார்க்கில் கிடந்த பத்திரிகையில் உள்ளாடை விளம்பரத்தைப் பார்த்து அந்த மாடலின் உருவத்தை எடுத்துக்கொள்கிறது. அதன் கப்பல் கிரகங்களைச் சுக்குநூறாக்கிக்கொண்டு வந்து, கடைசியில் கையளவு பொம்மையாகப் புல்லில் இறங்கும் அந்த ஒரு ஜோக் அருமை. அப்புறம்? ஓர் அழகான பெண் கணினி வரைகலை விழுதுகளை நீட்டுகிறாள், அவ்வளவுதான். செர்லீனாவாக நடித்த லாரா ஃப்ளின் பாயிலைக் குறை சொல்ல முடியாது. அந்த வேடத்துக்கு முதலில் வந்தவர் ஃபாம்கே ஜான்சன். குடும்பத்தில் நேர்ந்த துயரத்தால் அவர் விலகிய பிறகு இவர் வந்தார். தோலுக்குள் வேறொரு உயிர் திணறுகிறது என்ற எண்ணமே எழுத்தில் இல்லை. எழுத்தில் இல்லாததை அவர் எங்கிருந்து கொண்டுவருவார்?

துப்புத் துலக்கும் பகுதியிலும் இதே வெறுமை. 1978இல் சார்த்தா கிரகத்து அரசி ஒருத்தி ஒளியொன்றைப் பூமியில் மறைக்க வந்தாள். கே அதை ஒளித்துவிட்டு, எங்கே ஒளித்தோம் என்ற தன் நினைவையும் அழித்துக்கொண்டார். தனக்குத் தானே சில தடயங்களை மட்டும் விட்டுவைத்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படத்தில் பீட்சா கடைப் படம், அதிலிருந்து சாவி, சாவியிலிருந்து ரயில்நிலைய லாக்கர், லாக்கரிலிருந்து வீடியோ கடை அட்டை என்று போய்க்கொண்டே இருக்கிறது. ஒளித்தவரே கண்டுபிடிக்கிறார். ஜேயின் அந்தத் தெருக் கண்ணுக்கு, அந்த மேசையை இழுத்த புத்திக்கு, இங்கே வேலையே இல்லை. பின்னால் நடந்து வருகிறான்.

எல்லாமே மோசம் என்று சொல்ல வரவில்லை. தபால் நிலையக் காட்சியைத் தவறவிட்டிருந்தால் அதை மட்டுமாவது போட்டுப் பாருங்கள். நினைவில்லாத கே, பழைய கண்டிப்பு மாறாமல் ஒரு சின்னத் தபால் நிலையத்தை நடத்துகிறார். நீங்கள் ஒரு ரகசிய ஏஜென்ட் என்று ஜே சொன்னால் நம்ப மறுக்கிறார். ஜே பேசிப் பார்த்துவிட்டு, கடிதம் பிரிக்கும் அறைக்குள் அழைத்துப் போகிறான். அங்கே வேலை பார்க்கும் ஒவ்வொருவரும் வேற்றுக்கிரகவாசி. கடிதம் பிரிப்பவருக்கு எத்தனை கையென்று எண்ண முடியவில்லை. இன்னொருவரோடு ஜே வாயாலேயே தாளம் போட்டுப் பேசுகிறான். அந்த வேடத்தில் வருபவர் அந்தக் கலையில் பேர்பெற்ற ராப் பாடகர் பிஸ் மார்க்கி. தினமும் உடன் வேலை பார்ப்பவர்கள் யாரென்றே தெரியாமல் அத்தனை வருடம் ஓட்டியிருக்கிறார் கே. இங்கே அந்தப் பழைய அலுவலக வாசனை திரும்பி வருகிறது. படத்தில் உயிருள்ள ஆறு நிமிடம் எதுவென்று கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

அப்புறம் அந்த லாக்கர். கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் சி-18ஆம் எண் லாக்கரைத் திறந்தால் உள்ளே விரல் நுனி அளவு உயிர்களின் ஒரு முழு நகரம். கேயின் கைக்கடிகாரம் அவர்களுக்குக் கோபுரக் கடிகாரம், கேதான் அவர்களுக்குக் கடவுள். முதல் படம் நம் பால்வீதியை ஒரு கோலிக்குண்டுக்குள் வைத்துக் காட்டி முடிந்தது அல்லவா, அந்த எண்ணத்தையே வேறு கோணத்தில் எடுத்திருக்கிறார்கள். இரண்டாவதன் கடைசி ஷாட்டும் இதோடு சேர்ந்ததுதான். உங்கள் பையன் அதுவரை உட்கார்ந்திருந்தால் அதற்காகவாவது கைதட்டியிருப்பான்.

படத்தின் முடிவு பற்றி ஒரு விஷயம். படப்பிடிப்பு நடந்தது 2001இல். உச்சக்கட்டக் காட்சியை உலக வர்த்தக மையத்தின் இரட்டைக் கோபுரங்களை வைத்து அமைத்திருந்தார்கள். செப்டம்பர் 11 வந்தது. கோபுரங்கள் இருந்த முடிவை எடுத்துவிட்டு வேறு மாதிரி படமாக்கினார்கள். இப்போது நீங்கள் பார்ப்பது சுதந்திர தேவி சிலையின் பின்னணியில் முடிகிறது: சிலையின் தீப்பந்தமே மாபெரும் நினைவழிக்கும் கருவி, ஒரு பொத்தான், ஒரு வெளிச்சம், நியூயார்க் நகரமே தான் வானத்தில் பார்த்ததை மறந்துவிடுகிறது. தாக்குதல் நடந்து பத்து மாதம்கூட ஆகாத ஊரில் அந்தக் காட்சி திரையில் ஓடியது. அந்த நாளில் நிஜமான சிலைக்குள் பொதுமக்கள் போக முடியாது. தாக்குதலுக்குப் பிறகு மூடியது, பீடம் வரைக்கும் திறக்கவே 2004 ஆகஸ்ட் ஆனது. தீப்பந்தத்துக்கோ 1916இலிருந்தே யாரையும் விடுவதில்லை. பக்கத்துத் துறைமுகத்தில் வெடிமருந்துக் கிடங்கு வெடித்ததில் சிலை சேதமானது, அப்போது மூடியதுதான். ஒரு ரகசிய அமைப்பு எதையாவது ஒளித்துவைக்க இதைவிட வசதியான இடம் கிடைக்காது. எழுதியவர்கள் அவசரத்தில் எடுத்த முடிவாகவே இருக்கட்டும்; நினைத்துப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதில்லை, வேறு ஏதோ செய்கிறது.

வசூலில் படம் தோற்கவில்லை. உலக அளவில் 44 கோடி டாலர். ஆனால் செலவு கூடி, வரவு குறைந்திருந்தது. பத்து வருடம் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. மூன்றாவதைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். 2012இல் வந்தது, இயக்கம் சோனன்ஃபெல்ட்தான். தயாரிப்பு நடந்த விதத்தைக் கேட்டால் உருப்படாது என்றே நினைப்பீர்கள். திரைக்கதை முழுதாகக் கையில் இல்லாமல் 2010 கடைசியில் படப்பிடிப்பைத் தொடங்கி, நடுவில் சில மாதம் நிறுத்தி எழுதிவிட்டுத் திரும்பவும் எடுத்தார்கள். செலவு 20 கோடி டாலரைத் தாண்டியது. அப்படியிருந்தும் படம் நின்றது. காரணம், இரண்டாம் பாகம் எங்கே இடறியதென்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே கேக்கு ஜேயை நினைவில்லை. இங்கே கே என்ற ஆளே இல்லை. ஒருவன் காலத்தில் பின்னோக்கிப் போய் அவரைக் கொன்றுவிட்டான். ஜேக்கு மட்டும் அவர் நினைவிருக்கிறது. ஒரே மாற்றம்தான், ஆனால் கதை முன்னால் ஓடத் தொடங்கிவிடுகிறது. கிரைஸ்லர் கட்டடத்தின் உச்சியிலிருந்து குதித்து, விழுகிற வேகத்தில் காலத்தைத் தாண்டி, 1969 ஜூலைக்குப் போகிறான் ஜே. அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தைய நாள். (அமெரிக்க விமானப்படை பறக்கும் தட்டுப் புகார்களை விசாரித்துக்கொண்டிருந்த நிஜமான 'ப்ளூ புக்' பிரிவை இழுத்து மூடியதும் அதே 1969இல்தான். 12,618 புகார், அதில் 701 மட்டும் விளங்காமல் நின்றது. அதுவும் கோப்பும் முத்திரையுமாக ஓடிய ஆபீஸ் வேலைதான்.)

அங்கே ஜே சந்திக்கும் இளைய கேயாக ஜாஷ் ப்ரோலின். டாமி லீ ஜோன்ஸின் குரலை, அந்த டெக்சாஸ் இழுவையை, பாதி மூடிய கண்ணை அப்படியே கொண்டுவந்திருக்கிறார். வெறும் மிமிக்ரி என்று நினைக்காதீர்கள். இந்தக் கே சிரிக்கிறார், ஒரு பெண்ணிடம் அசடு வழிகிறார். அந்த மனிதர் ஏன் பின்னாளில் கல்லாக இறுகினார் என்ற கேள்வி படம் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கிறது. முதல் படத்தில் நாம் அறியாதது அமைப்பு. இங்கே நாம் அறியாதது கே. ஜே மறுபடியும் புதியவனாகிவிடுகிறான். அதுதான் வேண்டியிருந்தது.

வில்லன் போரிஸைவிட எனக்குப் பிடித்தவன் கிரிஃபின். மைக்கேல் ஸ்டுல்பார்க் நடித்த பாத்திரம். நடக்கக்கூடிய எல்லா எதிர்காலங்களையும் ஒரே நேரத்தில் பார்ப்பவன். அதனால் எப்போதும் கொஞ்சம் பதற்றமாகவே இருப்பான், காதை மூடிய குல்லாய் போட்டுக்கொண்டு. காலியாகக் கிடக்கும் ஷே மைதானத்தில் அவர்களை உட்கார வைத்து, இன்னும் மூன்று மாதம் கழித்து நடக்கப்போகும் பேஸ்பால் இறுதிப் போட்டியைக் காட்டுகிறான். நியூயார்க் மெட்ஸ் அணி அதுவரை கேலிப் பொருள். 1969 அக்டோபரில் பால்டிமோர் ஓரியோல்ஸை வீழ்த்திக் கோப்பையை எடுத்தார்கள். எத்தனையோ சின்னச் சின்னத் தற்செயல்கள் ஒன்றுசேர்ந்து அந்தக் கடைசிப் பந்து ஒருவரின் கையில் போய் விழுகிறது என்று அவன் பரவசத்தோடு விவரிக்கிறான். 1983இல் கபில்தேவ் கையில் கோப்பையைப் பார்த்தவர்களுக்கு அந்தப் பரவசத்தைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

1969இல் ஒரு கறுப்பின இளைஞன் நல்ல கோட்டு போட்டு, நல்ல கார் ஓட்டினால் போலீஸ் நிறுத்தாதா? நிறுத்துகிறது. கறுப்பன் ஓட்டினால் திருட்டுக் கார்தான் என்று எப்படி முடிவு கட்டுவீர்கள் என்று ஜே பொரிந்து தள்ளுகிறான். பிறகு, இந்தக் காரை நான் திருடியது உண்மைதான், ஆனால் அதற்கும் என் நிறத்துக்கும் சம்பந்தமில்லை என்கிறான். 'அந்நியன்' என்ற சொல்லை வைத்து முதல் படம் விளையாடிய விளையாட்டு அங்கே மறுபடி கண் திறக்கிறது. கடற்கரையில் ராக்கெட் கிளம்பிய பிறகு வரும் காட்சியை இங்கே எழுத மாட்டேன். தொடர் முழுக்க ஜோக்காகவே பயன்பட்ட ஒரு பொருளை அங்கே வேறு காரியத்துக்கு எடுக்கிறார்கள்.

2019இல் வந்த நான்காவது, 'மென் இன் பிளாக்: இன்டர்நேஷனல்'. ஜேயும் இல்லை, கேயும் இல்லை, இயக்குநர் நாற்காலியில் சோனன்ஃபெல்டும் இல்லை. கிறிஸ் ஹெம்ஸ்வொர்த், டெஸ்ஸா தாம்ஸன். எஃப். கேரி கிரே இயக்கம். லண்டன், பாரிஸ், மராகேஷ் என்று ஊர் ஊராகப் போகிறார்கள், படம் எங்கும் போவதில்லை. சின்ன வயதில் ஒரு பெண் இந்த ஏஜென்ட்களைப் பார்த்துவிட்டு, வளர்ந்த பிறகும் தேடிக்கொண்டே இருந்து, தானே தலைமையகத்தைக் கண்டுபிடித்து வேலை கேட்கிறாள். அந்த முதல் இருபது நிமிடம் போதும், பிறகு டீ போடப் போய்விடலாம். ரகசிய அமைப்பு என்றால் பளபளப்பாக இருக்க வேண்டும் என்று அவர்களுக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். காற்று விடும் கட்டடமும் அலுத்துப்போன எழுத்தர்களும் இல்லாமல் இந்தக் கதைக்கு ருசி இல்லை.

பையனோடு பார்ப்பதென்றால் முதல் படத்துக்குப் பிறகு நேராக மூன்றாவதுக்குப் போய்விடுங்கள். கதையில் எதுவும் விட்டுப்போகாது. முதல் படத்தில் அமைப்பின் தலைவர் ஸெட் ஆக வந்த ரிப் டோர்ன் மூன்றாவதில் இல்லை. ஸெட் இறந்துவிட்டதாகச் சொல்லி, அவருக்கு இரங்கல் கூட்டமும் நடத்துகிறார்கள். அவர் இடத்தில் எம்மா தாம்ஸன் இருப்பார், அதை மட்டும் அவனிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். போரிஸின் உள்ளங்கையிலிருந்து வெளியே வரும் அந்தப் பூச்சி கொஞ்சம் அருவருப்பு. உங்களைவிட அவன் அதிகம் ரசிப்பான். இரண்டாவதை இன்னொரு நாள் எடுத்து, தபால் நிலையம், லாக்கர், கடைசி ஒரு நிமிடம், இந்த மூன்றையும் ஓட்டிக் காட்டுங்கள். கால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.